வீட்டுக்காரி – அத்தியாயம் 9: காலி செய்து கொடுத்த வீடு

அன்று காலை ஜம்புவின் காபியில் அனந்தலக்ஷ்மி இரண்டு தடவை சர்க்கரை போட்டுவிட்டாள். அவர் ஒன்றும் சொல்லாமல் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். காபியில் ஒரு சொட்டு டிகாக்‌ஷன் கூடினாலும் குறைந்தாலும் தெருவுக்கே கேட்கும்படி சொல்கிற மனிதர். அவருக்கும் மனசு ஓரிடத்தில் இல்லை என்பது அவளுக்கு அதிலேயே தெரிந்துவிட்டது.

ஜூன் மாத தில்லி. விடிந்து கொஞ்ச நேரத்திலேயே சரோஜினி நகர் குவார்ட்டர்ஸின் ஜன்னல் கம்பி கொதித்தது. கூலர் உறுமிக்கொண்டிருந்ததே தவிர காற்று வரவில்லை.

"நோட்டீஸை எடுத்து வெச்சுண்டியா?"

"வெச்சுண்டாச்சு."

"ரிஜிஸ்ட்ரி பேப்பர்?"

"ஏன்னா, இதோட எத்தனை தடவை கேக்கறேள்? பையிலே இருக்கு."

ஜம்பு எழுந்து வாசல்வரை போனார். திரும்பி வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார்.

போன தீபாவளிக்கு ஆரம்பித்த வினை இது. மயூர் விஹாரில் இருக்கும் அந்த முதல் மாடி ஃப்ளாட், அவர்கள் வாழ்நாளெல்லாம் சேர்த்து வாங்கிய ஒரே சொத்து. வீட்டுக் கடன், கூட்டுறவு சொசைட்டி, சீட்டுக் குலுக்கல் என்று காத்திருந்து கிடைத்தது. பத்திரம் அனந்தலக்ஷ்மி பெயரில். ஆகஸ்ட் மாதம் ஜம்பு ரிடையர் ஆனதும் சர்க்கார் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு அங்கேதான் போய்க் குடியிருக்கப் போகிறார்கள். அதுவரை எதற்குப் பூட்டி வைப்பது என்று, பிராபர்ட்டி டீலர் ஒருவன் பேச்சைக் கேட்டு, குல்தீப் என்பவனுக்கு வாடகைக்கு விட்டார் ஜம்பு.

புருஷன், பெண்டாட்டி, ஒரு குழந்தை என்று சொன்னான் டீலர். வந்ததோ குல்தீப் மட்டும்தான். வீட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சியை அங்கே திறந்தான். நாளெல்லாம் ஜீப்புகள் வந்து ஹாரன் அடித்தன. மாடிப்படியில் சண்டை. பொதுத் தொட்டித் தண்ணீர் பகல் பன்னிரண்டுக்குள் தீர்ந்தது. பால்கனியிலிருந்து குப்பை கீழ்வீட்டுச் செடிகள்மேல் விழுந்தது. யார் யாரோ பெண்கள் வந்தார்கள், போனார்கள். சொசைட்டிக்காரர்கள் கடிதம் மேல் கடிதம் எழுதினார்கள். ஜம்பு அவற்றை மேஜை டிராயரில் போட்டு மூடினார்.

போன வாரம் வந்தது சொசைட்டி கடிதம் இல்லை. போலீஸ் உதவிக் கமிஷனர் அலுவலகத்து நோட்டீஸ். அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லையாக இருக்கும் வீட்டைப் பற்றி அதன் உரிமையாளர் நேரில் வந்து பதில் சொல்ல வேண்டும். குடிவந்தவரின் விவரங்களை ஸ்டேஷனில் பதிவு செய்யாமல் வாடகைக்கு விட்டதற்கு ஏன் வழக்குப் போடக்கூடாது என்றும் சொல்ல வேண்டும். குல்தீப்பின் பெயர் அதில் ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது. மற்ற எல்லா இடத்திலும் 'ஸ்ரீமதி அனந்தலக்ஷ்மி'.

இன்று மத்தியானம் மூன்று மணிக்கு விசாரணை.

"அம்மா, டென்ஷன் ஆகாதே ப்ளீஸ்." ஸ்ம்ருதி தலையை வாரிக்கொண்டே வந்தாள். நொய்டாவில் ஒரு கம்பெனியில் டெலிபோனில் புகார் கேட்கிற வேலை. இன்று லீவு போட்டிருந்தாள். "அவன் காலி பண்றேன்னு சொல்லிட்டான் இல்லையா? அப்புறம் கேஸே இல்லை. முடிஞ்சுது."

"அவ சொல்றதுதான் சரி," என்றார் ஜம்பு. "நேத்து போன்லே நானே பேசினேன். மத்தியானத்துக்குள்ளே வீட்டைக் காலி பண்ணிக் கொடுத்துடறேன்னான். நாம சாவியை வாங்கிண்டு நேரே ஏ.சி.பி. ஆபீசுக்குப் போறோம். தொல்லை தீர்ந்தாச்சு சார்னு சொல்றோம். அவ்வளவுதான்."

"அவ்வளவு சுலபமா ஒத்துண்டானா?"

"ஒத்துண்டான்னா சந்தோஷப்படேன்! அதுலேயும் குத்தம் கண்டுபிடிக்கணுமா?"

அனந்தலக்ஷ்மி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். இழுத்ததில் அது சரியாக இல்லை என்று மறுபடி செருகினாள்.

நிஜாமுத்தீன் பாலத்தைத் தாண்டும்போது ஆட்டோவுக்குள் அனல் அடித்தது. கீழே யமுனை ஒரு ஓரமாகக் கருத்துச் சுருங்கிக் கிடந்தது. மேற்கே வானம் பழுப்பாகிக்கொண்டிருந்தது. புழுதிக்காற்று வரப்போகிறது என்று ஆட்டோக்காரன் முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டான்.

சொசைட்டி கேட்டிலேயே மெஹ்ரோத்ரா காத்திருந்தார். சொசைட்டி செக்ரட்டரி. மடிப்புக் கலையாத அரைக்கைச் சட்டை. ஜம்புவுக்குக் கை கொடுத்தார். அனந்தலக்ஷ்மியைப் பார்த்து ஹிந்தியில் ஆரம்பித்தார்.

"மேடம், உங்களைக் குடும்பஸ்தர்கள்னு நம்பித்தான் மெம்பர்ஷிப் கொடுத்தோம். என் மருமகள் படியில் ஏறவே பயப்படறா. ஆகஸ்டில் நீங்க இங்கேதானே வந்து இருக்கப் போறீங்க? எங்க முகத்தை எப்படிப் பார்ப்பீங்க?"

"இன்னிக்குக் காலியாயிடும், மெஹ்ரோத்ரா சாஹிப்," என்றார் ஜம்பு அவசரமாக.

"ஆகட்டும். இங்கேயிருந்து போனா சரி. எங்கே போறாங்கங்கிறது நமக்கு வேண்டாத கவலை."

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் தெரியவில்லை அனந்தலக்ஷ்மிக்கு. அவளும் இத்தனை நாளாக அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

கீழே ஒரு டெம்போ நின்றது. இரும்புக் கட்டில்கள், சுருட்டிய மெத்தைகள், ஒரு ஃபேன். ஏற்றுகிறவர்கள் ஒருவரையொருவர் ஏசிக்கொண்டே ஏற்றினார்கள். ஜம்புவும் ஸ்ம்ருதியும் அதைப் பார்த்தபடி நிற்க, அனந்தலக்ஷ்மி மட்டும் படியேறினாள். தன் வீட்டுக்குள் அவள் நுழைந்து பல மாதமாகிறது.

"நமஸ்தே ஆன்ட்டிஜி!" குல்தீப் குனிந்து காலைத் தொட வந்தான். முப்பதைத் தாண்டாத வயசு. செண்ட் வாசனை. "உங்களுக்கு என்னால் சிரமம். மன்னிச்சுடுங்க. சாமானும் பொண்ணுங்களும் ஒரே டிரிப். மூணு மணிக்குள்ளே வீடு உங்க கையில்."

முன் அறையில் ஒரு மேஜை, ஒரு டெலிபோன். சுவரெல்லாம் எண்ணெய்த்தலை சாய்ந்த கறை. அவள் தானே நின்று பார்த்துப் பார்த்து அடிக்கச் சொன்ன சுண்ணாம்பு. உள்ளே போனாள்.

படுக்கையறைக் கதவின் வெளிப்பக்கத்தில் ஒரு தாழ்ப்பாள் இருந்தது. புதுசு. பளபளவென்று மின்னியது. பக்கத்தில் ஸ்க்ரூ முடுக்கும்போது பெயர்ந்த மரச்சிராய்கூட இன்னும் உதிரவில்லை. இந்த வீட்டுக் கதவுகளுக்கு அவள்தான் கடைக்குப் போய்த் தாழ்ப்பாள் பொறுக்கினாள். எல்லாமே உள்பக்கம்தான். படுக்கையறைக்கு வெளியே தாழ்ப்பாள் எதற்கு?

கதவு ஒருக்களித்திருந்தது. தள்ளினாள்.

தரையில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பத்துப் பேருக்கு மேல் இருக்கும். ஒவ்வொருத்தி மடியிலும் ஒரு துணி மூட்டை. ஜன்னலுக்கு அட்டை ஒட்டியிருந்தது. கதவு திறந்ததும் எல்லோரும் ஒரே சமயத்தில் எழுந்து நின்றார்கள். யாரும் எழுந்திருக்கச் சொல்லவில்லை.

"தண்ணி இருக்கா?" என்றாள் சுவரோரம் நின்ற ஒருத்தி. இருபது வயசிருக்கும். வலது கையில் முழங்கைவரை துணி சுற்றியிருந்தது. மஞ்சளும் வேறு ஏதோ களிம்பும் வெளியே கசிந்திருந்தன.

அனந்தலக்ஷ்மி பையிலிருந்து பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள். அந்தப் பெண் ஒரு வாய் குடித்துவிட்டு அடுத்தவளிடம் கொடுத்தாள். பாட்டில் கை மாறி மாறிப் போனது.

"கையில் என்ன?"

"வேலைக்கு அனுப்பின வீட்டில் எண்ணெய் கொட்டிடுச்சு. திருப்பி அனுப்பிட்டாங்க. நீங்கதான் இந்த வீட்டு மால்கினா?"

"ஆமாம், வீட்டுக்காரி நான்தான்."

அவள் ஓரடி முன்னால் வந்தாள். "அப்போ அவர்கிட்டே சொல்லுங்க. என்னை ஊருக்குப் போகவிடச் சொல்லுங்க. என் பேர் சலோமி. ஜார்க்கண்டு. கும்லா பக்கம். நான் வேலைக்கு வரலை. என் அக்காவைத் தேடி வந்தேன். அவளை இவங்கதான் எங்கேயோ ஒரு கோட்டியில் வெச்சிருக்காங்க. எங்கேன்னு சொல்ல மாட்டேங்கறாங்க. நீங்க சொன்னா கேப்பாங்க. வீடு உங்களுதுதானே?"

கோட்டி என்றால் பெரிய பங்களா. தில்லியில் கோட்டிகள் எத்தனை ஆயிரம்!

"என்ன பேச்சு நடக்குது?" குல்தீப் வாசலில் நின்றான். சிரிப்பு அப்படியே இருந்தது. கண் மட்டும் சலோமியின்மேல்.

"இந்தத் தாழ்ப்பாள் எதுக்கு?" என்று கேட்டாள் அனந்தலக்ஷ்மி.

"பாதுகாப்புக்கு ஆன்ட்டிஜி. கிராமத்துப் பொண்ணுங்க. வெளியே போனா வழி தெரியாம தொலைஞ்சு போயிடுவாங்க. சலோ, சலோ, கிளம்புங்க! எல்லாரும் மூட்டையைக் கட்டுங்க!"

பெண்கள் மூட்டையை ஏற்கெனவே கட்டித்தான் வைத்திருந்தார்கள். இருந்தாலும் குனிந்து மறுபடி கட்டினார்கள்.

அனந்தலக்ஷ்மி கீழே இறங்கினாள். ஜம்புவின் கையைப் பிடித்து வேப்பமரத்தடிக்கு இழுத்துப் போனாள்.

"ஏன்னா, அந்தப் பொண்களை அடைச்சு வெச்சிருக்கான். கதவுக்கு வெளியிலே தாழ்ப்பாள் போட்டிருக்கான். நம்மாத்துலே!"

ஜம்பு சுற்றுமுற்றும் பார்த்தார். "மெதுவாப் பேசு."

"ஒருத்தி கையெல்லாம் வெந்து போய் நிக்கறா."

"அனந்தம், நான் சொல்றதைக் கேளு. இன்னும் ரெண்டு மணி நேரம். போயிடுவா."

"எங்கே போவா? இன்னொரு வீட்டுக்கு. இன்னொரு கதவுக்குப் பின்னாலே."

"அதுக்கு நாம என்ன பண்றது? போலீஸ்லே சொல்லுவியா? சொன்னா முதல்லே யாரைக் கேப்பா? குடிவெச்சது யார், வெரிஃபிகேஷன் பண்ணாம விட்டது யார்னு கேப்பா. பத்திரம் யார் பேர்லே இருக்கு? என் பேர்லே இல்லைடீ. உன் பேர்லே." அவர் குரல் உடைந்தது. "உன்னை ஸ்டேஷன் பெஞ்சிலே உட்கார வெச்சுட்டு நான் பார்த்துண்டு நிக்கணுமா?"

அவர் பயந்தது தனக்காக இல்லை என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அதனாலேயே அவரிடம் கோபப்படவும் முடியவில்லை.

"ஸ்ம்ருதி இங்கே இருக்கட்டும்," என்றாள். "சாவியை வாங்கிக்கட்டும். நாம போகலாம்."

மகளிடம் தனியே போய் நான்கு வார்த்தை சொன்னாள். ஸ்ம்ருதியின் முகம் மாறியது. "அச்சா," என்றாள்.

ஏ.சி.பி. அலுவலகத்து வராந்தாவில் பெஞ்சு நிறைய ஆட்கள். அவர்கள் போய்ச் சேரவும் புழுதிக்காற்று பிடித்துக்கொள்ளவும் சரியாக இருந்தது. பட்டப்பகலில் இருட்டிவிட்டது. எங்கோ தகரம் ஒன்று பிய்த்துக்கொண்டு டமாரென்று விழுந்தது. பியூன் ஓடி ஓடி ஜன்னல்களைச் சாத்தினான். சாத்தியும் எல்லோர் பல்லிலும் மணல் நறநறத்தது.

அனந்தலக்ஷ்மி உட்காரவில்லை. வராந்தாவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள்.

"உட்காரேன்," என்றார் ஜம்பு.

"முடியலை."

கூப்பிட்டார்கள். உதவிக் கமிஷனர் கண்ணாடிக்குள் சிவந்த கண்களோடு ஃபைலைப் புரட்டினார். தூக்கம் இல்லாத மனிதர். ஆனால் குரல் மரியாதையாக இருந்தது. சொசைட்டி சார்பில் ஒரு கமிட்டி மெம்பர் வந்திருந்தார்.

"வீடு காலியாயிடுச்சா?" என்று கேட்டார் உதவிக் கமிஷனர்.

"ஆகிக்கிட்டே இருக்கு சார். சாமான் ஏத்தியாச்சு," என்றார் ஜம்பு ஹிந்தியில்.

"சொசைட்டிக்குத் திருப்திதானே?"

"முழுத் திருப்தி சார்," என்றார் கமிட்டி மெம்பர்.

"நல்லது. வெரிஃபிகேஷன் பண்ணாதது தப்பு. முதல் தடவை, வயசானவங்க, எச்சரிக்கையோடு விடறேன். இனிமே இப்படிச் செய்யாதீங்க." ஒரு தாளை மேஜைமேல் தள்ளினார். "வீட்டுச் சொந்தக்காரர் யாரு? நீங்களா அம்மா? இதில் கையெழுத்துப் போடுங்க. உங்க வீட்டிலிருந்த தொல்லை நீங்கிவிட்டதுன்னு."

ஜம்பு தன் பேனாவைத் திறந்து அவள் கையில் கொடுத்தார்.

போட வேண்டியது ஒரு கையெழுத்து. போட்டால் ஆகஸ்டில் வெள்ளையடித்து, பால் காய்ச்சி, குடிபோகலாம். மெஹ்ரோத்ராவின் மருமகள் சிரிப்பாள். ஜம்பு காபியைக் குறை சொல்வார்.

பேனா முனை தாளைத் தொட்டு ஒரு புள்ளி வைத்தது. அவள் எடுத்துவிட்டாள்.

"சாஹிப், தொல்லை நீங்கலை."

ஜம்பு, "அனந்தம்!" என்றார்.

"அந்த வீட்டில் பெண்களை அடைச்சு வெச்சிருக்கான். கதவுக்கு வெளியில் தாழ்ப்பாள் இருக்கு. நான் என் கண்ணால் பார்த்தேன். இன்னும் கொஞ்ச நேரத்தில் வேறு எங்கேயோ கொண்டுபோகப் போறான். நீங்க ஆள் அனுப்பணும்."

கமிட்டி மெம்பர், "மேடம், இதெல்லாம் இப்போ எதுக்கு, சொசைட்டி பேர் கெட்டுடும்," என்று இழுத்தார். உதவிக் கமிஷனர் கையைத் தூக்கி அவரை நிறுத்தினார்.

"அம்மா, என்ன சொல்றீங்கன்னு தெரிஞ்சுதான் சொல்றீங்களா? இது ஹாரன் அடிக்கிற கேஸ் இல்லை. எழுதினா பெரிய கேஸ். வீட்டைக் கொடுத்தது நீங்க. என் ஆளுங்க முதல்ல எழுதப் போறது உங்க பேரைத்தான்."

"எழுதிக்கோங்க," என்றாள். "படியில் சத்தம் போட்டதுக்கு நான் பொறுப்பு, குப்பை கொட்டினதுக்கு நான் பொறுப்புன்னு நோட்டீஸ் அனுப்பினீங்களே சாஹிப். அப்போ அந்தத் தாழ்ப்பாளுக்கும் நான்தானே பொறுப்பு?"

அவர் மணியை அடித்தார். எழுத்தர் வந்தார்.

"குடிவைத்தவர் யார்? ஆளைக் கூட்டி வந்தது யார்?" என்று எழுத்தர் கேட்டுக்கொண்டே எழுத ஆரம்பித்தார்.

அனந்தலக்ஷ்மி தயங்கினாள். ஜம்புவின் பெயரைச் சொன்னால் விஷயம் அவர் ஆபீஸுக்குப் போகும். ரிடையர் ஆகிற சமயம். பென்ஷன். 'டீலர்' என்று மட்டும் சொல்லிவிடலாமா?

"நான்தான்," என்றார் ஜம்பு.

சுவரைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். "ஆளைப் பார்த்தது, பேசினது, வெரிஃபிகேஷன் வேண்டாம்னு விட்டது எல்லாம் நான். அவளுக்கு ஒண்ணும் தெரியாது. என் பேரையும் எழுதுங்க. சென்ட்ரல் கவர்ன்மெண்ட் சர்வண்ட்."

அவர் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

போலீஸ் ஜீப்பில் மயூர் விஹார் திரும்பும்போது காற்று ஓய்ந்து பெரிய பெரிய துளியாக மழை விழுந்துகொண்டிருந்தது. ஜம்பு முன்சீட்டில் சப்-இன்ஸ்பெக்டர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

சொசைட்டி கேட் இழுத்துச் சாத்தியிருந்தது. உள்ளே டெம்போ. அதற்கு முன்னால் நனைந்தபடி ஸ்ம்ருதி. அவளுக்கு எதிரே மெஹ்ரோத்ரா குடையும் கையுமாகக் கத்திக்கொண்டிருந்தார்.

"இவங்களை வெளியேத்தணும்னுதானே நாங்க இத்தனை நாளா உயிரை விடறோம்! நீ கேட்டைச் சாத்தச் சொல்றே!"

"ரூல் உங்களுது, அங்கிள்," என்றாள் ஸ்ம்ருதி. டெலிபோனில் கோபக்காரர்களிடம் பேசிப் பழகிய குரல். "குடித்தனக்காரர் சாமான் கேட்டைத் தாண்டணும்னா ஓனர் லெட்டர் வேணும்னு நோட்டீஸ் போர்டில் நீங்கதான் ஒட்டியிருக்கீங்க. ஓனர் என் அம்மா. அம்மா வரட்டும்."

அனந்தலக்ஷ்மியைப் பார்த்ததும் அந்தக் குரல் போய்விட்டது. "அம்மா, நான் போக விடலை. பஹுத் டர் லகா, ரொம்பப் பயமா இருந்தது, ஆனா விடலை."

டெம்போவுக்குள், கட்டில்களுக்கும் மெத்தைகளுக்கும் நடுவே, அந்தப் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். போலீஸைப் பார்த்ததும் ஒருத்தி அழ ஆரம்பிக்க, எல்லோரும் அழுதார்கள். குல்தீப்பைக் காணோம். பின்பக்கச் சுவரேறிக் குதித்துப் போனதைக் காவல்காரர் பார்த்திருந்தார்.

அனந்தலக்ஷ்மி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கை பிடித்து ஒவ்வொருத்தியாகக் கீழே இறக்கினாள். கடைசிப் பெண்ணும் இறங்கியாகிவிட்டது.

"சலோமி எங்கே?"

அனந்தலக்ஷ்மி டெம்போவுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"கையில் கட்டுப் போட்டிருந்தாளே, அவள் எங்கே?"

"கார் வந்துச்சு," என்றாள் ஒருத்தி மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "வெள்ளைக் கார். நீங்க போன உடனே. ஒரு டிரைவர் வந்து கூட்டிட்டுப் போனான். அவ மால்கின்கிட்டே பேசினதுக்குக் குல்தீப் அண்ணன் ரொம்பக் கோபமா இருந்தாரு. எந்த வீடு கிடைச்சாலும் போன்னு தள்ளிவிட்டாரு."

ஸ்ம்ருதியின் கை வாய்க்குப் போனது. "அந்தக் காரை நான் பார்த்தேன் அம்மா. யாரோ கெஸ்ட்னு நினைச்சேன். நான் டெம்போவை மட்டும்தான்..."

"விடு கண்ணா."

மால்கினிடம் பேசினதுக்கு. அந்த வார்த்தை அனந்தலக்ஷ்மியின் நெஞ்சில் முள்ளாகத் தைத்து நின்றது.

சப்-இன்ஸ்பெக்டர் கதவையும் தாழ்ப்பாளையும் பார்த்தார். போட்டோ எடுக்க ஆள் வரும் என்றார். பெண்களைக் காப்பகத்துக்குக் கொண்டுபோகப் பெண் போலீஸும் வேனும் வர வேண்டும். மரம் விழுந்து ரோடெல்லாம் அடைத்துக் கிடப்பதால் தாமதமாகும்.

"அதுவரைக்கும் இவங்க எங்கே இருக்கிறது?"

"கீழே ஷெட்டில் இருக்கட்டும்," என்றார் மெஹ்ரோத்ரா. "மறுபடி மாடிக்கு வேண்டாம்."

"என் வீட்டில் இருப்பாங்க," என்றாள் அனந்தலக்ஷ்மி. "முன் ஹாலில். கதவைத் திறந்து வெச்சு."

மெஹ்ரோத்ரா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "ஆகஸ்டில் இங்கே குடிவரும்போது இதை ஞாபகம் வெச்சுக்குவோம், மேடம்."

"வெச்சுக்கோங்க."

சப்-இன்ஸ்பெக்டர் ஒரு கான்ஸ்டபிளைக் கீழே நிறுத்தினார். போகும்போது அவளிடமும் ஜம்புவிடமும் சொன்னார்: "நான் வேனோடு திரும்பி வர்ற வரைக்கும் நீங்க ரெண்டு பேரும் இந்த இடத்தைவிட்டு அசையக்கூடாது. ஸ்டேட்மெண்ட் பாக்கி இருக்கு. போனீங்கன்னா தப்பிச்சுப் போனதாத்தான் எழுதுவேன். தெரிஞ்சுதா?"

"சலோமியை..."

"குல்தீப் கிடைக்கட்டும். அவன் சொல்வான். நாளைக்குப் பார்க்கலாம்."

ஸ்ம்ருதி கடையிலிருந்து பிரெட்டும் வாழைப்பழமும் வாங்கி வந்து பெண்களுக்குக் கொடுத்தாள். ஜம்பு வெறுந்தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண்ணை மூடியிருந்தார். தூங்கவில்லை.

"கோபமா?" என்று கேட்டாள் அனந்தலக்ஷ்மி.

"இப்போ ஒண்ணும் கேக்காதே."

அப்போதுதான் டெலிபோன் அடித்தது.

மேஜை போய்விட்டது. டெலிபோன் மட்டும் தரையில் ஒயரோடு கிடந்தது. அடித்துக்கொண்டே இருந்தது. பெண்கள் பிரெட்டை வாயில் வைத்தபடி அசையாமல் அதையே பார்த்தார்கள். அனந்தலக்ஷ்மி குனிந்து எடுத்தாள்.

"குல்தீப்பா?" ஒரு பெண்ணின் குரல். பணக்கார ஹிந்தி. சலிப்பு. "என்ன ஆளை அனுப்பியிருக்கே? கை வெந்து கிடக்கு, ஒரு பாத்திரம் தொட முடியலை. வந்ததிலிருந்து அழுகை. எங்களுக்கு இன்னிக்கு ராத்திரி டேராடூன் ரயில். இவளை இப்படியே கூட்டிக்கிட்டுப் போக முடியாது. ஹலோ? யார் பேசறது?"

ஸ்ம்ருதி அருகே வந்து அம்மாவின் தோளைத் தொட்டாள்.

"ஏஜென்சியிலிருந்துதான் பேசறேன் மேடம்," என்றாள் அனந்தலக்ஷ்மி. பொய் சொல்லிப் பழக்கமில்லாத நாக்கு தடுமாறியது. "குல்தீப்ஜி வெளியே போயிருக்கார். நான் புதுசு. அந்தப் பொண்ணை நான் வந்து கூட்டிக்கிறேன். வீடு எதுன்னு சொல்லுங்க."

"ஏழு மணிக்குள் வரணும். வரலைன்னா கேட்டுக்கு வெளியே விட்டுட்டு நாங்க பூட்டிக்கிட்டுக் கிளம்பிடுவோம். அப்புறம் அவ எங்கே போனாலும் என்னைக் கேக்கக்கூடாது." குரல் ரஜௌரி கார்டனில் ஒரு வீட்டு நம்பரைச் சொன்னது. "வரும்போது வேறு ஆளோட வா. இதுக்கு முன்னாடி ஒருத்தி இருந்தாளே, அது தன் அக்கான்னு இவ சொல்றா, அவ மாதிரி ஓடிப்போறவளா இருக்கக்கூடாது."

லைன் துண்டித்தது.

அனந்தலக்ஷ்மி ரிஸீவரைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். ரஜௌரி கார்டன், தில்லியின் மறுகோடி. அக்கா அங்கே இருந்திருக்கிறாள். ஓடிப்போயிருக்கிறாள். எங்கே?

பால்கனிக்குப் போய்க் கான்ஸ்டபிளைக் கூப்பிட்டு விவரம் சொன்னாள். அவர் அண்ணாந்து பார்த்துக் கையை விரித்தார். "சப்-இன்ஸ்பெக்டர் சாஹிப் வரட்டும். அதுவரை நீங்க யாரும் வெளியே போகக்கூடாதுன்னு ஆர்டர்."

"அவர் எப்போ வருவார்?"

"ரோடு திறந்ததும்."

ஸ்ம்ருதி தன் மொபைலில் மணி பார்த்தாள். அம்மாவுக்குக் காட்டினாள். இன்னும் ஒரு மணி நேரம்கூட முழுசாக இல்லை.

"நான் இவங்களோட இருக்கேன் அம்மா," என்றாள் ஸ்ம்ருதி. "எஸ்.ஐ. வந்தா நான் சொல்லிக்கறேன்."

அனந்தலக்ஷ்மி திரும்பினாள். சுவரோரம் ஜம்பு உட்கார்ந்திருந்த இடம் காலியாக இருந்தது.

அவர் வாசலில் குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

"பின்பக்கப் படி வழியா இறங்கினா அந்தக் கான்ஸ்டபிள் கண்ணிலே படாது," என்றார், முகத்தைத் தூக்காமலே. "மெயின் ரோட்டுவரை நடந்துதான் போகணும். புடவையைத் தூக்கிச் செருகிக்கோ, வழியெல்லாம் சேறா இருக்கும்."